சிறுப்பிட்டியில் தொடங்கும் திறந்த மூலக் கதை

சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் வாசிகசாலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக் கொடுக்கிறேன். லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினிகள் நான்கு இருக்கின்றன. திறந்த மூல மென்பொருள் பற்றிப் பேசத் தொடங்கினால் ஒரு கேள்வி தவறாமல் வரும். மினக்கெட்டு எழுதிய நிரலை ஏன் எல்லாரும் எடுக்கும்படி கொடுக்க வேண்டும்? எழுதியவனுக்கு அதில் என்ன லாபம்?

முன்பெல்லாம் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் க்னூ திட்டத்தை அறிவித்ததையும், பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை வெளியிட்டதையும் சொல்வேன். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் அது அவர்களுக்கு எங்கோ நடந்த கதை. இப்போது நான் பருத்தித்துறை வீதியில் நீர்வேலிக்கு அடுத்து வரும் சிறுப்பிட்டியில் இருந்து தொடங்குகிறேன். 1832 செப்ரெம்பர் 12ஆம் திகதி அந்த ஊரில் பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை.

சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் தமிழ் இலக்கண இலக்கியம் படித்தார். தெல்லிப்பழை மிஷன் பாடசாலையிலும் வட்டுக்கோட்டை செமினரியிலும் ஆங்கிலமும் கணிதமும் அறிவியலும் படித்தார். கோப்பாயில் ஆசிரியராக இருந்தபோது, 1854இல், நீதிநெறி விளக்கத்தைப் பதிப்பித்தார். அப்போது அவருக்கு 22 வயதுகூட நிறைந்திருந்ததோ என்னவோ. பிறகு யாழ்ப்பாணத்தில் பணியாற்றிச் சென்னை சென்றிருந்த பேர்சிவல் பாதிரியாரின் அழைப்பில் தினவர்த்தமானி பத்திரிகைக்குப் போனார். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர் அவர். மற்றவர் கரோல் விசுவநாதபிள்ளை, அவரும் யாழ்ப்பாணத்தவர். தாமோதரம்பிள்ளை பிறகு அரசாங்கக் கணக்குப் பகுதியில் வேலை பார்த்தார், சட்டம் படித்துக் கும்பகோணத்தில் வழக்கறிஞரானார், புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் பெரிய உத்தியோகம் பார்த்த ஒரு யாழ்ப்பாணத்தார் என்று மட்டும் நினைவில் இருந்திருப்பார். உத்தியோகத்துக்கு வெளியே அவர் செய்த வேலைதான் எங்கள் பாடம்.

அந்தக் காலத்தில் பழந்தமிழ் நூல்கள் பல ஓலையில் மட்டுமே இருந்தன. ஓலையின் ஆயுள் குறைவு. செல் அரிக்கும், ஓரம் உதிரும், கட்டை அவிழ்த்தாலே முறியும். படியெடுக்க ஆளில்லாவிட்டால் அந்த நூல் அத்தோடு சரி. சில வீடுகளில் ஏட்டைப் பூசைக்கு வைத்துக் கும்பிட்டார்கள், ஆனால் வெளியாருக்குக் கொடுக்க மாட்டார்கள். இன்றைய பேச்சில் சொன்னால், மூலம் பூட்டிக் கிடந்தது, பேக்கப்பும் இல்லை.

அவர் ஊர் ஊராக ஏடு தேடினார். திருவாவடுதுறை ஆதீனம் போன்ற மடங்களிலும் புலவர் வீடுகளிலும் கேட்டு வாங்கினார். ஒரே நூலின் பல பிரதிகளை அருகருகே வைத்து, எந்த இடத்தில் எது சரியான பாடம் என்று பார்த்தார். பிறகு அச்சிட்டார். முன்னுரையில் ஏடுகள் எங்கிருந்து கிடைத்தன, யார் உதவினார்கள், எது தெளிவில்லை என்பதையெல்லாம் எழுதி வைத்தார். இன்று மென்பொருள் எழுதுகிறவர்கள் மாற்றங்களையும் பங்களித்தவர்களின் பெயர்களையும் பதிந்து வைக்கிறார்கள் அல்லவா, அதே பழக்கம்தான்.

1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு வந்தது. அதைப் பரிசோதித்துக் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை, 1889இல் சூளாமணி என்று வேலை தொடர்ந்தது. சீவக சிந்தாமணியையும் பதிப்பிக்க விரும்பினார். ஆனால் உ. வே. சாமிநாதையர் ஏற்கனவே அதில் இறங்கியிருந்தார், விட்டுக்கொடுக்கவும் இல்லை. ஐயரின் சிந்தாமணியும் பிள்ளையின் கலித்தொகையும் ஒரே ஆண்டில், 1887இல், வெளிவந்தன. போட்டி இருந்தது. ஆனாலும் தமிழுக்கு இரண்டு நூல்கள் கிடைத்தன.

இந்த இடத்தில் பிள்ளைகள் ஒரு குறுக்குக் கேள்வி கேட்பார்கள். அவர் புத்தகத்தைச் சும்மாவா கொடுத்தார்? இல்லை, விற்றார். சொந்தச் சம்பாத்தியத்தையும் செலவழித்தார். திறந்த மூலம் என்றால் விலையில்லை என்று அர்த்தமில்லை. அடுத்தவன் எடுத்துப் பார்க்கலாம், பயன்படுத்தலாம், திருத்தலாம் என்பதுதான் அதன் பொருள்.

திருத்தவும் செய்தார்கள். பொருளதிகாரம் முழுவதற்கும் உள்ள உரை நச்சினார்க்கினியருடையது என்று எண்ணித்தான் அவர் அச்சிட்டார். பிற்பகுதி இயல்களின் உரை பேராசிரியருடையது என்பதை இரா. இராகவையங்கார் பின்னர் எடுத்துக் காட்டினார். அந்தப் பிழையால் தாமோதரம்பிள்ளையின் பெருமை குறையவில்லை. அச்சில் எல்லார் கைக்கும் போனபடியால்தான் பிழை கண்ணில் பட்டது. பெட்டிக்குள் இருந்திருந்தால் பிழையும் தெரிந்திராது, நூலும் மிஞ்சியிராது.

பெட்டிக்குள் இருந்து போன ஒன்று எங்கள் வீட்டிலும் உண்டு. என் அப்பு கூத்துப் பாட்டுகளை எழுதிய ஒரு கொப்பி வைத்திருந்தார். பக்கத்து ஊர் அண்ணாவியார் ஒருவர் படியெடுக்கக் கேட்டு இரண்டு மூன்று தரம் வந்தார். கைமாறினால் தொலைந்துவிடும் என்று அப்பு கொடுக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே வெளிக்கிட்டபோது, அரிசியும் உடுப்பும் சைக்கிளில் ஏறின, ட்ரங்குப் பெட்டி ஏறவில்லை. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. பெட்டியும் இல்லை. தொலையக்கூடாது என்று வைத்திருந்தது அப்படித்தான் தொலைந்தது. அன்றைக்கு அண்ணாவியார் படியெடுத்திருந்தால் ஒருவேளை அவர் வீட்டிலாவது இருந்திருக்கும்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின என்பார்கள். அவற்றில் வேறு இடத்தில் பிரதி இருந்தவை பிறகு தேடி எடுக்கப்பட்டன. அந்த ஒரு பிரதி மட்டுமே இருந்த ஏடுகளும் கையெழுத்துகளும் திரும்பி வரவேயில்லை. எரித்தவர்களின் குற்றம் இதனால் குறையாது. ஆனால் அடுத்த தரம் எது மிஞ்சும் என்பது எங்கள் கையில்தான் இருக்கிறது.

தாமோதரம்பிள்ளை 1901 ஜனவரி முதலாம் திகதி சென்னையில் காலமானார். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்பிரதியாக்கி யாரும் படிக்க வைக்கிறது. அது ஓடுவதும் மீடியாவிக்கி என்ற திறந்த மூல மென்பொருளில்தான்.

கதை முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுவேலை கொடுப்பேன். வீட்டில் பழைய கொப்பி, கடிதம், கோயில் மலர், கல்வெட்டுப் புத்தகம் என்று என்ன இருந்தாலும், பெரியவர்களைக் கேட்டுப் போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வர வேண்டும். அதை இரண்டு இடத்திலாவது சேமிக்க வேண்டும். போன கிழமை ஒரு பிள்ளை தன் அம்மம்மாவின் ஒப்பாரிக் கொப்பியைப் படம் எடுத்து வந்தாள். 43 பக்கம். இப்போது அது மூன்று கணினிகளில் இருக்கிறது.