கப்பல்களைக் காத்த கணித மேதை

கீழவாஞ்சூர் கடற்கரையில் காரைக்கால் துறைமுகம் இருக்கிறது. நிலக்கரி ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்து நிற்கின்றன.

இரண்டாம் உலகப் போர் நடந்தபோது அட்லாண்டிக் கடலில் கப்பல் செலுத்துவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் பதுங்கி இருந்து தாக்கும். உணவும் ஆட்களும் கடலில் மூழ்கிப் போகும்.

அவை எங்கே பதுங்கி இருக்கின்றன என்று அறிய வழி செய்தவர்களில் முக்கியமானவர், ஆலன் டூரிங்.

போத்தனூர் தாய்

டூரிங்கின் குடும்பத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. அவருடைய தாயார், கோவையை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார், சென்னை ரெயில்வேயில் தலைமை என்ஜினீயர். தந்தை, சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி.

1912-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி லண்டனில் டூரிங் பிறந்தார். பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். அவரும் அண்ணனும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தார்கள்.

கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார். 1936-ல் அவர் எழுதிய கட்டுரை, இன்றைய கம்ப்யூட்டருக்கு அடிப்படை ஆயிற்று.

எனிக்மா

1939 செப்டம்பரில் போர் மூண்டது. டூரிங், பிளெட்ச்லி பார்க் என்ற ரகசிய நிலையத்தில் சேர்ந்தார்.

ஜெர்மானியர்கள் "எனிக்மா" என்ற எந்திரத்தில் செய்தியைத் தட்டுவார்கள். ஒவ்வொரு எழுத்தும் வேறு எழுத்தாக மாறிவிடும். சாவி தெரிந்தவர்தான் அதைப் படிக்கலாம். இதுதான் மறைகுறியாக்கம். சாவியைத் தினமும் மாற்றினார்கள். கோடி கோடி சாவிகளில் அன்றைய சாவி எது?

போலந்து கணித அறிஞர்கள் 1932-லேயே ஒரு வழி கண்டிருந்தார்கள். டூரிங் அதற்கு மேலும் சென்றார். பூட்டோடு, பூட்டுகிறவர்களின் பழக்கத்தையும் கவனித்தார். வானிலை அறிக்கையில் தினமும் அதே சொற்கள் வந்தன. எந்த எழுத்தும் அதே எழுத்தாக வராது என்பது எனிக்மாவின் இன்னொரு குறை. இந்த இரண்டையும் வைத்துச் சாவி தேடும் எந்திரத்தை அவர் வடிவமைத்தார். 1940-ல் அது ஓடத் தொடங்கியது.

பகைவனின் செய்தி புரிந்தது. கப்பல்கள் வேறு பாதையில் திருப்பி விடப்பட்டன. வரும் ஆபத்தை முன்னதாகக் கண்டறிவது என்பது இதுதான்.

மனிதனா, எந்திரமா?

எதிரே இருப்பது மனிதனா, எந்திரமா என்று கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கும் சோதனையை 1950-ல் எழுதினார். இணையத்தில் கோணல் எழுத்துகளைக் காட்டி, படித்து எழுதச் சொல்கிறார்களே, அதன் ஆங்கிலப் பெயரில் டூரிங் பெயரும் அடங்கியிருக்கிறது. ஆளைச் சரிபார்க்கும் வேலைக்கு அவரும் முன்னோடி.

சோக முடிவு

அந்நாளில் இங்கிலாந்தில் ஓரினச் சேர்க்கை குற்றம். 1952-ல் அதற்காக அவர் தண்டிக்கப்பட்டார். சிறைக்குப் பதிலாக ஹார்மோன் சிகிச்சையை ஏற்றார். ரகசியப் பணியும் பறிபோயிற்று. 1954 ஜூன் 7-ந் தேதி சயனைடு விஷத்தால் இறந்தார். வயது 41. அவர் கப்பல்களைக் காத்த கதை, ஊருக்கு அப்போது தெரியாது. 1970-களில்தான் வெளியாயிற்று.

2009-ல் பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2013-ல் அரசியார் பொதுமன்னிப்பு அளித்தார். 2021-ல் 50 பவுன் நோட்டில் அவர் படம் வந்தது.

நம் வீட்டுப் பூட்டு

இன்று நம் பணம் செல்போனுக்குள் இருக்கிறது. பிள்ளையின் பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைப்பதும், எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைப்பதும் எனிக்மாக்காரர்கள் செய்த அதே தவறு. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி யார் கேட்டாலும், போனில் வரும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லாதீர்கள். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் இதை இன்றே சொல்லி வையுங்கள்.