பால்மாவு விற்ற பயில்வான்

காயல்பட்டினம் ஆகட்டும், கோவை ஆகட்டும், எந்த ஊர் உடற்பயிற்சிக் கூடத்தை எட்டிப் பார்த்தாலும் ஒரே காட்சிதான். வாலிபர்கள் இரும்புக் குண்டு தூக்குகிறார்கள். வியர்வை சொட்டுகிறது. பயிற்சி முடிந்ததும் ஒரு குப்பியை எடுத்துக் குலுக்கி, மடமடவென்று குடிக்கிறார்கள். குப்பியில் இருப்பது, புரோட்டீன் மாவு கரைத்த பால் அல்லது தண்ணீர்.

தொந்தி கரைய வேண்டும். உடம்பு மெலிந்திருக்க வேண்டும். ஆனால் முறுக்கேறிக் கட்டாக இருக்க வேண்டும். இதுதான் அவர்களுடைய ஆசை.

இந்த ஆசை இன்று நேற்று வந்தது அல்ல. மாவும் அப்படித்தான். 120 ஆண்டுகளுக்கு முன்பே, உலகப் புகழ் பெற்ற ஒரு பயில்வான் பால்மாவுக்கு விளம்பரம் செய்தார்.

அவர்தான் யூஜின் சாண்டோ!

பட அதிபர் சின்னப்பா தேவரை எல்லோருக்கும் தெரியும். அவர் பெயருக்கு முன்னால் "சாண்டோ" என்று போடுவார்களே, அது இந்தப் பயில்வானுடைய பெயர்தான். தேவர் கட்டான உடம்பு உடையவர். ஆகவே அந்தப் பெயர் அவருக்குப் பட்டமாக அமைந்தது. வங்காளத்தில் கை இல்லாத பனியனைக்கூட "சாண்டோ கெஞ்சி" என்றே சொல்கிறார்கள்.

சிலையைக் கண்ட சிறுவன்

சாண்டோ 1867-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந்தேதி பிறந்தார். ஊர், கோனிக்ஸ்பெர்க். அன்று அது பிரஷ்யாவைச் சேர்ந்தது. இன்று ரஷியாவில் இருக்கிறது. பெற்றோர் வைத்த பெயர் பிரெடெரிக் வில்ஹெல்ம் முல்லர்.

சிறு வயதில் தகப்பனாருடன் இத்தாலிக்குப் போனதாகவும், அங்கே பழங்கால வீரர்களின் சிலைகளைக் கண்டு மலைத்து நின்றதாகவும் சாண்டோ பிற்காலத்தில் சொல்லி வந்தார். அந்தச் சிலைகளைப் போலத் தன் உடம்பும் ஆக வேண்டும் என்ற எண்ணம் அன்றே மனதில் விழுந்துவிட்டதாம்.

இளைஞரானதும் அவர் வீட்டை விட்டுக் கிளம்பினார். சர்க்கசில் வேலை பார்த்தார். பெல்ஜியம் நாட்டில் அட்டிலா என்ற பயில்வானைச் சந்தித்தார். பளு தூக்கும் வித்தையைச் சாண்டோவுக்கு முறையாகக் கற்றுக்கொடுத்தவர் அவரே. ஆசான் கிடைத்தார், சீடனின் உடம்பும் உருண்டு திரண்டது.

லண்டனில் சவால்

1889-ம் ஆண்டு. லண்டன் நகரில் சாம்சன் என்ற பலசாலி வித்தை காட்டி வந்தான். தன்னை வெல்லுகிறவருக்கு 500 பவுன் பரிசு என்று அறிவித்திருந்தான்.

அந்தச் சவாலை ஏற்க, நவம்பர் மாதத்தில் ஒரு நாள் இரவு, சாண்டோ மேடை ஏறினார். கோட்டும் சூட்டுமாக வந்த அவரைப் பார்த்ததும் ஜனங்கள் சிரித்தார்கள். இந்தக் கனவானா சாம்சனோடு மோதுவது என்று கேலி செய்தார்கள்.

சாண்டோ மேல் சட்டையைக் கழற்றினார். கொட்டகை அடங்கிவிட்டது!

சாம்சன் இரும்புக் கம்பியை வளைத்தான், சாண்டோவும் வளைத்தார். சாம்சன் சங்கிலியை அறுத்தான், சாண்டோவும் அறுத்தார். முடிவில் வெற்றி சாண்டோவுக்கே. ஒரே இரவில் அவர் பெயர் லண்டன் முழுவதும் பரவியது.

உடம்பைப் பார்க்கக் கூட்டம்

1893-ல் அவர் அமெரிக்கா போனார். சிகாகோ நகரில் அப்போது பெரிய உலகப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. சீக்பெல்டு என்ற கலைநிகழ்ச்சி அதிபர் சாண்டோவை ஒப்பந்தம் செய்தார்.

சீக்பெல்டு ஒரு விஷயத்தைக் கவனித்தார். பயில்வான் எத்தனை ராத்தல் தூக்குகிறார் என்று ஜனங்கள் பார்க்கவில்லை. அவர் உடம்பைத்தான் பார்த்தார்கள்! உடனே நிகழ்ச்சியை மாற்றினார். சாண்டோ சிலை போல நின்று, கை, மார்பு, வயிறு, தொடை என்று ஒவ்வொரு தசையாக அசைத்துக் காட்டினார். சீமாட்டிகள் தர்ம காரியத்துக்கு 300 டாலர் கொடுத்துவிட்டு, அந்தப் புஜத்தைத் தொட்டுப் பார்த்தார்கள்.

மறு ஆண்டு, எடிசனுடைய சினிமாக் கொட்டகையில் அவரைப் படம் பிடித்தார்கள். உலகின் முதல் சினிமாப் படங்களில் அதுவும் ஒன்று.

ஆணழகன் போட்டி

1897-ல் லண்டனில் உடற்பயிற்சி நிலையம் தொடங்கினார். அதே ஆண்டில், பலம் பெறும் வழியைச் சொல்லும் புத்தகமும் வெளியிட்டார். மறு ஆண்டு பத்திரிகையும் நடத்தினார். ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவரும், வீட்டில் இருக்கும் பெண்களும்கூட தினமும் சிறிது நேரம் பயிற்சி செய்யலாம் என்பது அவர் கொள்கை. அதற்குப் பெரிய குண்டுகள் வேண்டியதில்லை. லேசானவையே போதும் என்றார்.

1901 செப்டம்பர் 14-ந்தேதி, லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் அவர் ஒரு பெரிய போட்டி நடத்தினார். 60 பேர் கலந்துகொண்டார்கள். துப்பறியும் கதைகள் எழுதிப் புகழ் பெற்ற கானன் டாயில் நீதிபதிகளில் ஒருவர். யாருடைய தசை பெரியது என்று மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. உடம்பு முழுவதும் ஒரே சீராக வளர்ந்திருக்கிறதா, தசை தளராமல் திண்மையாக இருக்கிறதா, தோல் எப்படி, பொது ஆரோக்கியம் எப்படி என்று பார்த்தார்கள். நாட்டிங்காம் ஊரைச் சேர்ந்த முர்ரே முதல் பரிசு பெற்றார். இன்றைய ஆணழகன் போட்டிகளுக்கு மூலவித்து இதுதான்.

1904-05-ல் சாண்டோ வெளிநாடுகளில் சுற்றுப்பயணம் செய்தபோது இந்தியாவுக்கும் வந்தார். அவருடைய பெயர் நம் நாட்டில் ஊன்றியது.

டப்பாவுக்குள் என்ன?

அந்தக் காலத்தில் "பிளாஸ்மோன்" என்ற மாவு விற்பனைக்கு வந்தது. பாலில் உள்ள புரதத்தைப் பிரித்துக் காயவைத்துச் செய்த மாவு அது. வெந்நீரிலோ பாலிலோ கலந்து குடிக்கலாம். அதைத் தாம் நெடுநாள் தேடிய உணவு என்று சாண்டோ விளம்பரங்களில் புகழ்ந்தார். பிறகு தம் பெயரிலேயே கோகோ பானமும் விற்றார்.

இங்கேதான் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். சாண்டோ சாம்சனை வென்றது 1889-ல். சிகாகோவில் சிலையாக நின்றது 1893-ல். மாவு விளம்பரம் வந்ததோ 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அதாவது, உடம்பு முதலில் வந்தது. டப்பா பிறகுதான் வந்தது! தனிப்பட்ட உணவு முறை எதுவும் தமக்கு இல்லை, பிடித்ததை அளவோடு சாப்பிடுகிறேன் என்றே அவர் 1897-ல் வெளிவந்த புத்தகத்தில் எழுதியிருந்தார். உடம்பைச் செய்தது பல ஆண்டுப் பயிற்சி. அந்த உடம்பு மாவை விற்றுக் கொடுத்தது.

அப்படியானால் மாவு மோசடியா? அதுவும் இல்லை. புரதம் உடம்புக்குக் கட்டாயம் வேண்டும். 70 கிலோ எடை உள்ளவருக்கு சாதாரணமாக ஒரு நாளைக்கு ஏறக்குறைய 58 கிராம் புரதம் தேவை. பளு தூக்கிப் பயிற்சி செய்தால், சுமார் 112 கிராம் வரை பலன் உண்டு. அதற்கு மேல் எவ்வளவு சேர்த்தாலும் தசை அதிகமாக வளருவதில்லை.

கொழுப்பு கரைய வேண்டுமானால், உடம்பு செலவழிப்பதைவிடச் சாப்பாடு சற்றுக் குறைய வேண்டும். அந்த வேளையில் போதிய புரதமும் பயிற்சியும் இருந்தால், தசை கரையாமல் நிற்கும். வழக்கமான சாப்பாட்டோடு மாவையும் சேர்த்துக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தால், தொந்திதான் வளரும்.

ஒரு கரண்டி மாவில் 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கும். முட்டை ஒன்றில் 6 கிராம். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊரில், சாளையும் சூரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நாலு முட்டையோ, நல்ல ஒரு துண்டு மீனோ ஒரு கரண்டி மாவுக்குச் சமம். மீன் சாப்பிடாதவர்களுக்குப் பருப்பு, பயறு, நிலக்கடலை, பால், தயிர் இருக்கின்றன. சாப்பாட்டில் போதிய புரதம் சேர்க்க முடியாதவருக்கு மாவு கைகொடுக்கும். மற்றவருக்கு அது வீண் செலவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

பெயர் இல்லாத கல்லறை

1911-ல், மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் சாண்டோவுக்கு உடற்பயிற்சிப் பேராசிரியர் என்ற பட்டம் அளித்தார். அதுதான் உச்சி. அதன் பிறகு இறக்கம். முதல் உலகப் போர்க் காலத்தில் அவருடைய கோகோ கம்பெனி நொடித்துப்போனது.

1925 அக்டோபர் 14-ந்தேதி, லண்டனில் சாண்டோ காலமானார். வயது 58 தான். பள்ளத்தில் விழுந்த மோட்டார் காரைத் தனி ஆளாகத் தூக்கியதால் வந்த வினை என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் வீங்கியதே காரணம் என்று மரணச் சான்றிதழ் சொன்னது. வெளியே தெரியும் தசையை உலகமே பார்த்தது. உள்ளே இருந்த குழாயை யாரும் பார்க்கவில்லை!

மனைவியின் விருப்பப்படி, கல்லறையில் பெயர்கூடப் பொறிக்கவில்லை. 77 ஆண்டுகள் கழித்து, 2002-ல்தான் ஒரு ரசிகர் அங்கே பெயர்க்கல் வைத்தார்.

ஆனால் அவர் உருவம் அழியவில்லை. உலகின் பெரிய ஆணழகன் போட்டியான "மிஸ்டர் ஒலிம்பியா"வில் வெல்லுகிறவருக்கு 1977 முதல் கொடுக்கப்படுவது சாண்டோவின் சிலைதான். இத்தாலியில் சிலைகளைப் பார்த்து ஏங்கிய சிறுவன், தானே சிலையாகிவிட்டான். அந்தச் சிலையின் கையில் இருப்பது இரும்புக் குண்டு. மாவு டப்பா அல்ல!