ஆடுகளமும் வாக்குச்சீட்டும்

1858இல் நியூயார்க்கில் பிறந்த தியோடர் ரூஸ்வெல்ட், இளமையில் ஆஸ்துமாவோடு போராடி உடலை உரமேற்றிக்கொண்டவர், ஹார்வர்டில் பயின்றவர். 1901இல் அமெரிக்க அதிபரானார். முரட்டு விளையாட்டுகளை நேசித்த அவரே, 1905இல், அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் மாணவர் உயிர்கள் பலியாவது கண்டு, ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைச் சீர்திருத்த வற்புறுத்தினார்.

பொருளியல் கற்பித்த நான் வியப்பது, அடுத்து நிகழ்ந்ததைத்தான். அரசு சட்டம் இயற்றவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க் பல்கலைக்கழக வேந்தர் ஹென்றி மக்கிராக்கனின் அழைப்பில் கூடிய கல்லூரிகள், தமக்குத் தாமே விதி வகுக்கச் சங்கம் கண்டன. 1910இல் அது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமாகப் பெயர் மாறியது. ரூஸ்வெல்ட் 1919இல் மறைந்தார், சங்கம் வளர்ந்தது.

1973இல் அது மூன்று பிரிவுகளானது. இரண்டாம், மூன்றாம் பிரிவுகளில் இன்றும் ஆண்டு மாநாட்டில் கல்லூரிக்கு ஒரு வாக்கு உண்டு. சிறியது, பெரியது என்ற பேதமில்லை. பெரும்பணம் புழங்கும் முதற்பிரிவிலோ, 1997 முதல் அதிகாரம் பிரதிநிதிக் குழுக்களிடம் சென்றது. பணம் பெருகும் இடத்தில் வாக்கு சுருங்குவது தற்செயலன்று என்றே கருதுகிறேன். மாணவர் உயிர் காக்கப் பிறந்த சங்கத்தின் மாநாட்டில், வாக்களிப்போர் பெரும்பாலும் நிறுவனங்களே, ஆடுபவரின் வாக்குகள் மிகச் சிலவே. ரூஸ்வெல்ட் தொடங்கிவைத்த பணியில் எஞ்சியிருப்பது இதுவே.