குதிரைக் கணக்கு போட்டு இன்ஜின் விற்ற ஜேம்ஸ் வாட்! எப்படித் தெரியுமா?

கார் வாங்கும்போது எத்தனை ஹார்ஸ்பவர்னு பார்க்கிறோம் இல்லையா? அந்தக் கணக்குக்குப் பின்னால் இருப்பவர் ஜேம்ஸ் வாட்.

1736-ல் ஸ்காட்லாந்தின் கிரீனாக்கில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகளைப் பழுதுபார்த்து வந்தார். அங்கே நியூகோமன் நீராவி இன்ஜினின் மாதிரி ஒன்றைச் சரிசெய்யப் போனபோதுதான், அது எவ்வளவு நீராவியை வீணாக்குதுன்னு புரிந்தது. நீராவியைக் குளிர்விக்கத் தனிக் கலன் வைத்தார். 1769-ல் காப்புரிமையும் கிடைத்தது.

சரி, யார் வாங்குவாங்க? 1775-ல் மேத்யூ போல்டனுடன் கூட்டு சேர்ந்தார். பழைய இன்ஜினைவிட எவ்வளவு நிலக்கரி மிச்சமோ, அந்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குதான் உரிமத்தொகை. நிலக்கரியைக் கப்பலில் வரவழைத்த கார்ன்வால் செம்புச் சுரங்கங்கள் ஆர்வமாக வாங்கின. நிலக்கரிச் சுரங்கங்களிலோ பெரும்பாலும் பழைய இன்ஜினே ஓடியது. எரிபொருள்தான் காலடியிலேயே கிடக்குதே!

அடுத்து, 1780-களில் சக்கரம் சுற்றும் இன்ஜின் வந்தது. பல ஆலைகளில் அப்போது குதிரைகள்தான் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. அங்கே நிலக்கரிக் கணக்கு எடுபடாது. அதனால் இன்ஜின் எத்தனை குதிரைக்குச் சமம் என்று கணக்கிட்டு, அதற்கேற்ப ஆண்டுக்கட்டணம் வாங்கினார்கள்.

பிறகு கார்ன்வால்காரர்கள் கட்டணம் தராமல் இழுத்தடித்து, விஷயம் கோர்ட் வரை போனது தனிக்கதை. 1800-ல் காப்புரிமை முடிந்ததும் தொழிலிலிருந்து ஒதுங்கிய வாட், 1819-ல் 83 வயதில் காலமானார்.