யாழ்நூலுக்கு ஒரு படிக்கட்டு

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் கரையோரப் பெருந்தெருவில், கல்முனைக்குடியையும் சாய்ந்தமருதையும் கடந்தால் காரைதீவு வரும். அதனையும் கடந்தால் நிந்தவூர். முஸ்லிம் ஊர்களின் நடுவே அமைந்த அந்தத் தமிழூரிலேதான் 1892ஆம் ஆண்டில் மயில்வாகனம் என்னும் குழந்தை பிறந்தது. தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மையார். அக்குழந்தையையே பின்னாளில் தமிழுலகம் விபுலாநந்த அடிகள் என்று போற்றிற்று. கல்முனைக்குடியிற் பிறந்து, முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியத் தொழில் செய்து ஓய்ந்த எனக்கு அடிகளார் அயலூர்ப் பெரியவர். ஆகவே அவரை எங்களவர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எனக்கும் உண்டு என்றே நான் எண்ணி வந்திருக்கிறேன்.

அவருடைய வரலாற்றை எழுதியோர் பலர். அதனை மீண்டும் நான் எழுதப் புகுந்தமைக்கு ஒரு மாணவியும், அவளுக்கு நான் இழைத்த தவறுமே காரணம். அதனை முதலிற் கூறிவிடுகிறேன்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி எங்கள் கரையோரத்தை அழித்தபோது, பல வீடுகளிலிருந்த நூல்களும் அதனோடு போயின. என்னுடையவையும் போயின. பின்னர் அயலார் சிலர் கூடிச் சிறுவர்க்கென ஒரு சிறிய வாசிப்பறையை அமைத்தோம். நன்மனம் படைத்தோர் பல இடங்களிலிருந்தும் நூல்களைக் கட்டுக்கட்டாக அனுப்பினர். அவற்றைத் தட்டுகளில் அடுக்கிவைத்துச் சில மாதங்கள் கழிந்தபின் ஒன்றைக் கண்டேன். கதை நூல்கள் நாள்தோறும் இடம் பெயர்ந்தன. வரலாறு, விஞ்ஞானம், கலை என்பன பற்றிய அறிவு நூல்களோ வைத்த இடத்திலேயே தூசி படிந்து கிடந்தன. பிள்ளைகளுக்கு அறிவு நூல்களில் நாட்டமில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அக்காலத்திலேதான் பத்தாம் வகுப்பிற் பயின்ற ஒரு மாணவி என்னிடம் வந்தாள். காரைதீவிலே சிலையாக நிற்கும் அந்தப் பெரியவர் எழுதிய நூலொன்றைத் தான் படிக்க வேண்டும் என்றாள். என் உள்ளம் பூரித்தது. வேறெதனையும் எண்ணாமல், தட்டின் உச்சியிலிருந்த யாழ்நூலை எடுத்து அவள் கையில் வைத்தேன். நான்காம் நாள் அவள் அதனைத் திருப்பித் தந்தாள். நூலைப் பற்றி அவள் ஒரு குறையும் கூறவில்லை. அதனைப் படிக்கும் மூளை தனக்கு இல்லையென்று மட்டும், தலையைக் குனிந்தவாறு சொன்னாள்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. பசியோடு வந்த பிள்ளைக்குக் குத்தாத நெல்லை அள்ளிக் கொடுத்துவிட்டேன் என்று தோன்றிற்று. கதை புரியாவிட்டால் பிள்ளை கதையைக் குறை கூறும். அறிவு நூல் புரியாவிட்டாலோ அது தன்னையே குறை கூறிக்கொள்ளும். தவறான வேளையில் தரப்பெற்ற பெருநூலொன்று ஒரு பிள்ளையை வாழ்நாள் முழுதும் நூலகத்துக்கு வெளியே நிறுத்திவிடக் கூடும். அடிகளார் இந்த நிலையில் என்ன செய்திருப்பார் என்னும் வினாவுடனேயே அவர் வரலாற்றை மீண்டும் புரட்டினேன்.

புரட்டியபோது முதலிற் புலப்பட்டது, அவர் எதனையும் ஒரே தாவலில் எட்டியவரல்லர் என்பதே. ஊரிலே குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் எழுத்தறிந்தார். பின்பு கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலே ஆங்கிலம் பயின்றார். அதன்பின் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரிக்குச் சென்று, பதினாறாம் வயதிலே கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறினார். கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916ஆம் ஆண்டிலே விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பட்டமும், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் அவரை வந்தடைந்தன. 1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞான ஆசிரியரானார். 1920ஆம் ஆண்டையொட்டி இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் அமர்ந்தார்.

விஞ்ஞானம் கற்றவர் தமிழறியாமலும், தமிழ் கற்றவர் விஞ்ஞானமறியாமலும் இருந்த காலம் அது. இரு மலைகளையும் அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறியவர் மயில்வாகனனார். ஏறிய வழியை அவர் மறக்கவில்லை என்பதற்கு ஒரு சான்றுண்டு. 1921இல் யாழ்ப்பாணத்திலே தோன்றிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தின் தோற்றத்திலே அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அச்சங்கம் தமிழ்க் கல்விக்குப் பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் என மூன்று படிகளில் தேர்வுகளை நடத்திற்று. நுழைபவனுக்கு ஒரு படி, வளர்பவனுக்கு ஒரு படி, முதிர்ந்தவனுக்கு ஒரு படி. வாசிப்பறைத் தட்டிலே நான் செய்யத் தவறியது இதனையே அன்றோ?

1922இல் அவர் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்து, 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தரானார். மடத்தின் தமிழ் ஏடாகிய இராமகிருஷ்ண விஜயத்துக்கும் ஆங்கில ஏடாகிய வேதாந்த கேசரிக்கும் ஆசிரியராக இருந்து பணிபுரிந்தார். திங்கள் ஏடு நடத்துபவனுக்கு வாசகனை மறத்தல் இயலாது. விவேகானந்தரின் உரைகளை அவர் தமிழிலே பெயர்த்தமையும், ஆங்கிலமறியாத தமிழ் மக்களை மனத்திற் கொண்டு செய்த தொண்டே. இலங்கைக்கு மீண்டபின் மடத்தின் பாடசாலைகளை வளர்த்தார். 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே வாவிக்கரையருகில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார்.

1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அவர் விளங்கினார். அக்காலத்துச் செய்தியொன்று என் நெஞ்சை விட்டு நீங்குவதில்லை. பல்கலைக்கழகத்தில் உயர் வகுப்பு மாணவர்க்குச் சிலப்பதிகாரம் உரைத்தவர், மாலை வேளைகளிலே அயலிலிருந்த திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று, ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். காலையிலே உச்சிப்படி, மாலையிலே முதற்படி. இரண்டையும் அவர் ஒரே தொழிலாகவே கருதினார் என்பது தெளிவு.

1936ஆம் ஆண்டிலே சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கூட்டிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அடிகளார் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொற்கள் என்னும் தொகுதி 1938இல் வெளிவந்தது. இதனை அறிஞர் சிலரின் ஆய்வுக்கூட வேலையென எண்ணுவோர் உளர். உண்மையிலே கலைச்சொல்லால் முதலிற் பயன் பெறுபவன் தொடக்க மாணவனே. எங்கள் இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் ஒளித்தொகுப்பு என்னும் சொல்லைக் காணும் பிள்ளை, ஒளியின் துணையால் ஏதோ ஒன்று தொகுக்கப்படுகிறது என்று ஆசிரியர் வாய் திறக்குமுன்னரே ஊகித்துக்கொள்ளும். பிறமொழிச் சொல்லை ஒலிபெயர்த்து வைத்தாலோ அது பூட்டிய கதவாகவே நிற்கும். நல்ல கலைச்சொல் பொருளுக்குள் புகும் வாயில். அறிவு நூல் தொடக்க வாசகனுக்கு ஏற்றதா என்று ஆராய்பவர், அதன் சொற்கள் வாயில்களா பூட்டுகளா என்பதை முதலிற் காண்டல் வேண்டும்.

எங்கள் ஊரோடு இயைந்த ஒரு நிகழ்ச்சியையும் இங்குக் குறித்தல் தகும். உலகப்போர் மூண்டிருந்த 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ். சிவில் சேவையிற் சேர்ந்த முதல் இலங்கை முஸ்லிம் அவர். இங்கிருந்த காலத்திலே அவருக்கு அடிகளாரின் நட்புக் கிடைத்தது. அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றுதற்கும் அவர் காரணராயினார். கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக விளங்கிய அஸீஸ் அவர்கள், 1963இல் இலங்கையில் இஸ்லாம் என்னும் நூலைத் தமிழிலே தந்தார்கள். ஆங்கிலத்தில் எழுத வல்லவர், தம் மக்கள் பேசும் மொழியிலே அவர்களின் வரலாற்றை எழுதினார்.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அடிகளார் அமர்ந்தார். பதினான்கு ஆண்டுகள் ஆராய்ந்த யாழ்நூல் அக்காலத்திலே நிறைவெய்திற்று. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக, 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம் 6ஆம் நாள்களிலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அது அரங்கேறிற்று. பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்களைக் கொண்டது அந்நூல். வழக்கொழிந்து மறைந்துபோன பழந்தமிழ் யாழ்களைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் உரைகளும் தரும் குறிப்புகளிலிருந்து, கணிதத்தின் துணைகொண்டு மீண்டும் உருவாக்கிக் காட்டியது அது. தமிழ்ப் பண்டிதரும் விஞ்ஞானப் பட்டதாரியும் ஒருவரிடத்தே கூடியிராவிட்டால் அந்நூல் பிறந்திராது.

ஆயினும் ஒன்றை மறைக்காமற் சொல்லுதல் வேண்டும். யாழ்நூல் தொடக்க வாசகனுக்கு உரிய நூலன்று. சிலப்பதிகாரப் பயிற்சி, இசைப் பயிற்சி, கணிதப் பயிற்சி ஆகிய மூன்றையும் அது வாசகனிடம் எதிர்பார்க்கிறது. அறிஞர் அவையிலே ஒரு புதிய முடிபை நிலைநாட்ட எழுந்த நூலுக்கு அந்த நடையே பொருந்தும், அது குறையாகாது. அதற்கொரு படிக்கட்டை அடிகளாரே அமைத்திருக்கக் கூடும். காலம் இடந்தரவில்லை. அரங்கேற்றம் நிகழ்ந்து ஏழு வாரங்கள் நிறையுமுன், 1947 ஜூலை 19ஆம் நாள் அவர் கொழும்பிலே மறைந்தார். சிவானந்த வித்தியாலய வளவிலே அவர் உடல் அடக்கஞ் செய்யப்பெற்றது.

இவ்வளவையும் படித்தபின், அந்த மாணவியை மறுபடி அழைத்தேன். யாழ்நூலை எடுக்கவில்லை. ஒரு பலகையின் இரு முனைகளிலும் ஆணி அறைந்து, தொண்ணூறு சென்ரிமீற்றர் இடைவெளியிலே மீன்பிடிக்கும் தங்கூசியை இறுகக் கட்டினேன். அதனைத் தட்டச் சொன்னேன், ஒலி எழுந்தது. நடுவிலே, நாற்பத்தைந்தாவது சென்ரிமீற்றரிலே பென்சிலை வைத்து அழுத்தித் தட்டச் சொன்னேன். அதே சுரம் ஒரு மடங்கு உயர்ந்து ஒலித்தது. பின்பு அறுபது சென்ரிமீற்றர் நீளம் ஒலிக்குமாறு பென்சிலை நகர்த்தினேன். வேறொரு சுரம் பிறந்தது. முதற் சுரத்தோடு அது முரணவில்லை, இனிதாகவே இணைந்தது. முழு நீளத்தின் ஒலியைக் குரல் என்று கொண்டால், மூன்றில் இரண்டு பங்கின் ஒலி இளி என்று சொன்னேன். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களுக்கும் நம் முன்னோர் பெயரிட்டிருந்தனர் என்றும், பேரியாழுக்கு இருபத்தொரு நரம்பும் சகோட யாழுக்குப் பதினான்கும் செங்கோட்டி யாழுக்கு ஏழும் உரைகாரர் கூறுவர் என்றும் எடுத்துரைத்தேன்.

அவள் பேசாமல் அளவுகோலை வாங்கி, தானே வேறு வேறு இடங்களிலே பென்சிலை வைத்துப் பார்க்கத் தொடங்கினாள். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை பலகையை விட்டு அவள் எழவில்லை.

மறுநாள் அவளுக்கு அடிகளாரின் கட்டுரைத் தொகுதியொன்றைக் கொடுத்தேன். பல ஏடுகளிலே சிதறிக் கிடந்த அவருடைய கட்டுரைகளை, அவர் மறைந்தபின் அருள் செல்வநாயகம் தேடித் தொகுத்து நூல்களாக்கினார். அந்தத் தொண்டின் அருமை அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கிற்று. ஆங்கிலக் கவிஞரைத் தமிழர்க்கு அறிமுகஞ் செய்யும் ஆங்கில வாணி போன்ற கட்டுரைகள் ஒரே அமர்விற் படித்து முடிக்கத் தக்கவை. அறியாதவனை இகழாமலும், அறிந்தவனைச் சலிக்கச் செய்யாமலும் அழைத்துச் செல்பவை. பெரிய மாளிகையின் முன்னே அவர் தம் கையாலேயே இட்டுவைத்த சில படிகள் அவை. நான்தான் அவற்றைக் காணாமல் மாளிகையின் உச்சியைக் காட்டினேன்.

அறிவு நூல்கள் பிள்ளைகளுக்கும் பொதுவாசகர்க்கும் ஏற்றவையா என்று வினவுவோர்க்கு என் மறுமொழி இதுவே. நூல் எளிதா அரிதா என்பதை மட்டும் பார்த்தலாகாது; வாசகன் நிற்கும் இடத்திலிருந்து அதற்கு வழியுண்டா என்று பார்த்தல் வேண்டும். வழியிருந்தால் யாழ்நூலும் எட்டும்; வழியில்லாவிட்டால் சிறுநூலும் சுவராகும். அவ்வழியை நூலாசிரியர் அமைக்காத இடத்திலே, ஆசிரியனும் நூலகனும் அமைத்தல் கடன்.

எங்கள் வாசிப்பறையில் இப்போது நூல்களைப் பொருள்வாரியாக அடுக்குவதில்லை. கீழ்த்தட்டிலே முதற்படி, நடுத்தட்டிலே இரண்டாம் படி, மேல்தட்டிலே மூன்றாம் படி. யாழ்நூல் இன்றும் உச்சியிலேதான் இருக்கிறது. அதன் அட்டையில் இப்போது தூசி இல்லை. அந்த மாணவி இன்று தானும் ஓர் ஆசிரியை. விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் அதனை எடுத்துச் சில பக்கங்கள் படித்துவிட்டு வைக்கிறாள். பாலைத்திரிபியல் இன்னும் முழுதாக விளங்கவில்லையாம். அதனைச் சொல்லும்போது அவள் தலை குனிவதில்லை.