ஜான் மியூரும் யோஸெமிட்டியும்

ஸ்காட்லாந்தில் 1838-ம் வருஷம் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜான் மியூர், 1869-ல் ஆடு மேய்ப்போருடன் ஸியரா மலைகளில் ஏறியபோது, மந்தைகள் புல்வெளிகளை நாசமாக்குவதைக் கண்டார். யோஸெமிட்டிப் பள்ளத்தாக்கை 1864-ம் வருஷத்துச் சட்டம் காத்தது. அதற்கு நீர் தரும் மேட்டு நிலத்துக்கோ காப்பில்லை. அவரும் நண்பர்களும் செய்த கிளர்ச்சியால் 1890-ல் அதுவும் தேசீயப் பூங்காவனமாயிற்று. ஆனால் அத்துமீறுவோருக்கு அச்சட்டம் தண்டனை எதுவும் விதிக்கவில்லை. காவல் புரிந்த குதிரைப்படையினர், இடையரை ஓர் எல்லையிலும் ஆடுகளை மறு எல்லையிலும் கொண்டுவிட்டனர். வக்கீல்களுக்குத் தோன்றாத யுக்தி!

அவ்வனத்துக்குள்ளேயே, ஹெட்ச் ஹெட்சிப் பள்ளத்தாக்கில் அணை கட்ட ஸான் பிரான்ஸிஸ்கோ நகரம் முயன்றது. மியூர் பல்லாண்டு எதிர்த்தார். காக்கச் சட்டமியற்றிய சபைக்கே அதைத் தளர்த்தவும் அதிகாரமுண்டல்லவா? 1913-ல் அமெரிக்கச் சட்டசபை அனுமதி வழங்கிற்று. மறு வருஷம் டிஸம்பரில் மியூர் காலமானார். 1923-ல் எழுந்த அணை இன்றும் அந்நகருக்கு நீர் தருகிறது.