குதிரை லாயத்துப் பள்ளிக்கூடம்

குழந்தைகளே! பள்ளிக்கூடம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கரும்பலகை, பெஞ்சு, மணி, மைதானம்... குதிரை லாயம் ஞாபகம் வருமா?

ஆஸ்திரேலியாவில் ஒரு பெண் குதிரை லாயத்தில்தான் பள்ளிக்கூடம் தொடங்கினார். 24 வயதில் அதைத் தொடங்கிய அவரை, ஐந்து ஆண்டுகள் கழித்து அவருடைய மதத்தலைவரே மதத்தை விட்டு விலக்கி வைத்தார். அதே மதம், அவர் இறந்து நூறு ஆண்டுகள் ஆன பிறகு, அவரைப் புனிதர் என்று அறிவித்தது! அவர் பெயர் மேரி மெக்கில்லப்.

மெல்போர்ன் நகரை ஒட்டிய ஃபிட்ஸ்ராய் என்ற இடத்தில் 1842ம் ஆண்டு ஜனவரி 15ம் தேதி மேரி பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து நாட்டிலிருந்து கப்பலேறி வந்து குடியேறியவர்கள். அப்பா அலெக்சாண்டர் நன்றாகப் படித்தவர். பாதிரியார் ஆவதற்காக ரோம் நகரம் வரை போய்ப் படித்து, பாதியில் திரும்பியவர். படிப்பு இருந்த அளவுக்கு அவருக்குப் பிழைக்கும் சாமர்த்தியம் இல்லை. எந்தத் தொழிலைத் தொட்டாலும் நஷ்டம். எட்டுக் குழந்தைகளில் மூத்தவர் மேரி. வீட்டு வாடகை கொடுக்க முடியாமல், குடும்பம் அடிக்கடி உறவினர் வீடுகளில் தங்க வேண்டியிருந்தது.

அப்பா செய்த ஒரு நல்ல காரியம், பிள்ளைகளுக்குத் தானே உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுத்ததுதான். அந்தப் படிப்புதான் பின்னால் குடும்பத்துக்குச் சோறு போட்டது. நீங்கள் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் வயதிலேயே மேரி வேலைக்குப் போய்விட்டார். மெல்போர்னில் எழுதுபொருள் விற்கும் ஒரு கடையில் குமாஸ்தா வேலை. சம்பளம் தம்பி, தங்கைகளின் சாப்பாட்டுக்குப் போனது.

1860ம் ஆண்டு, தெற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள பெனோலா என்ற சிற்றூருக்கு மேரி போனார். அடிலெய்டு நகரிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தூரம். அங்கே அவருடைய அத்தை, மாமா குடும்பத்துக்குப் பெரிய பண்ணை இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதுதான் வேலை. ஆனால், பண்ணையில் கூலி வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் வெளியே சும்மா திரிந்து கொண்டிருந்தார்கள். அவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கொண்டார் மேரி. முதலாளி வீட்டுப் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் ஒரே இடத்தில் படித்தார்கள்.

பெனோலாவில் ஒரு விசித்திரமான பாதிரியார் இருந்தார். பெயர் ஜூலியன் டெனிசன் உட்ஸ். இங்கிலாந்துக்காரர். அவர் பார்த்துக் கொள்ள வேண்டிய பகுதி 50 ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல்! குதிரையில்தான் சுற்றுவார். போகிற வழியில் பாறைகளைப் பார்ப்பார், குகைக்குள் நுழைவார், எலும்புப் படிமங்களை ஆராய்வார். தெற்கு ஆஸ்திரேலியாவின் நில அமைப்பு பற்றி 1862ம் ஆண்டிலேயே புத்தகம் எழுதியவர். இவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்!

சுற்றிய இடமெல்லாம் அவர் கண்ணில் பட்டது, பள்ளிக்கூடத்தையே பார்க்காத குழந்தைகள். அந்தக் காலத்தில் தெற்கு ஆஸ்திரேலிய அரசு, தேவாலயங்கள் நடத்தும் பள்ளிகளுக்குப் பண உதவியை நிறுத்தியிருந்தது. காசு உள்ளவர்கள் தனியார் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆடு மேய்ப்பவர், சுரங்கத் தொழிலாளி, மரம் வெட்டுபவர் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளி? உட்ஸும் மேரியும் இதைப் பற்றி நிறையப் பேசினார்கள். ஆனால் மேரியால் உடனே எதுவும் செய்ய முடியவில்லை. குடும்பத்தின் கடன் கழுத்தை நெரித்தது. போர்ட்லேண்ட் என்ற துறைமுக ஊரில் ஆசிரியையாகச் சில ஆண்டுகள் வேலை பார்த்தார்.

1866ம் ஆண்டு தொடக்கத்தில் உட்ஸ் அழைக்க, மேரி தன் தங்கைகள் ஆனி, லெக்சி இருவரோடும் பெனோலாவுக்குத் திரும்பினார். பள்ளி நடத்தக் கட்டடம் வேண்டுமே! கிடைத்தது உபயோகத்தில் இல்லாத ஒரு குதிரை லாயம். தச்சு வேலை தெரிந்த தம்பி ஜான் வந்து, லாயத்தைச் சரிசெய்து வகுப்பறை ஆக்கினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள்.

ஃபீஸ்? கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கலாம். முடியாதவர்கள் கொடுக்க வேண்டாம். யாருடைய பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதுதான் விதி. அந்த ஆண்டு மார்ச் 19ம் தேதி, புனித சூசையப்பர் திருநாளன்று, மேரி சாதாரணக் கறுப்பு உடை உடுத்தி, இனி தன் வாழ்க்கை இதற்குத்தான் என்று காட்டினார். அப்படிப் பிறந்ததுதான் சூசையப்பர் சகோதரிகள் சபை. ஆஸ்திரேலியாவிலேயே தொடங்கிய சபை அது.

மறுஆண்டு மேரி அடிலெய்டு நகருக்குப் போனார். அந்தச் சபையின் விதிகள் வித்தியாசமானவை. மற்ற சபைகளின் கன்னிகாஸ்திரிகள் பெரிய மதில் சுவர் வைத்த மடங்களில் இருப்பார்கள். மேரியின் சகோதரிகளோ இரண்டு பேர், மூன்று பேராகப் பிரிந்து, சுரங்கம் தோண்டும் ஊர்களுக்கும் ஆட்டுப் பண்ணைகள் உள்ள காட்டு ஊர்களுக்கும் போய், அங்குள்ள ஏழைகள் எப்படிக் குடிசையில் இருந்தார்களோ அப்படியே இருந்தார்கள். சொந்தமாக எந்தச் சொத்தும் கிடையாது. பணம் தேவைப்பட்டால் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கினார்கள். வாசிப்பு, எழுத்து, கணக்கு, தையல் இவைதான் முக்கியப் பாடங்கள். பியானோ கற்றுக் கொடுக்க மாட்டோம் என்று கூட ஒரு விதி! பியானோ பணக்கார வீட்டுப் பெண்களின் படிப்பு. அதில் இறங்கினால் ஏழைப் பிள்ளைகள் பின்னுக்குப் போய் விடுவார்கள் என்ற பயம்தான்.

அவர்களுடைய உடை பழுப்பு நிறம். ஜனங்கள் செல்லமாக வைத்த பட்டப்பெயர், பழுப்பு ஜோயிக்கள். ஜோசப் என்ற பெயரின் சுருக்கம் ஜோ. கங்காருக் குட்டிக்கும் ஆஸ்திரேலியாவில் ஜோயி என்றுதான் பெயர். அதனால் இந்தப் பெயர் சட்டென்று ஒட்டிக் கொண்டது!

1869ம் ஆண்டு முடிவதற்குள் எழுபதுக்கும் மேற்பட்ட சகோதரிகள், 21 பள்ளிகள். லாயத்தில் தொடங்கி நாலே வருடத்தில்! இவ்வளவு வேகமாக வளர்ந்தால் எதிரிகளும் வளர்வார்கள் அல்லவா?

உட்ஸ் நல்லவர், ஆனால் பண விஷயத்தில் கெட்டிக்காரர் இல்லை. கடன் ஏறியது. அடிலெய்டு ஆயர் லாரன்ஸ் ஷீல், முதலில் இந்தச் சபையின் விதிகளுக்குச் சம்மதம் கொடுத்தவர்தான். பிறகு அவருக்கு நெருக்கமான சில பாதிரியார்கள் சபையைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு, குழந்தைகளிடம் தவறாக நடந்த ஒரு பாதிரியார் மீது சகோதரிகள் கொடுத்த புகார் மேலிடம் வரை போயிருந்தது. அந்தக் கோபமும் ஒரு காரணம் என்று பின்னாளில் எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

ஆயர் விதிகளை மாற்ற நினைத்தார். ஒவ்வொரு மடமும் அந்தந்த ஊர்ப் பாதிரியாரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்றார். மேரிக்கு இதில் சம்மதம் இல்லை. சகோதரிகளை ஒரே தலைமை நடத்தினால்தான், எந்த ஊருக்குத் தேவையோ அங்கே அனுப்ப முடியும் என்று நினைத்தார். அவரை அடிலெய்டை விட்டு வேறு ஊருக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. போவதற்கு முன் ஆயரைப் பார்த்துப் பேச வேண்டும் என்று மேரி கேட்டார். அதையே கீழ்ப்படியாமை என்று எடுத்துக் கொண்டார்கள்.

1871ம் ஆண்டு செப்டம்பர் 22ம் தேதி. காலை நேரம். சகோதரிகள் எல்லாரும் அழைக்கப்பட்டார்கள். ஆயர் தலையில் கிரீடமும் கையில் செங்கோலுமாக வந்தார். மேரி முழந்தாளிட்டு நிற்க, அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கி வைப்பதாக அறிவித்தார். சகோதரிகள் அழுதார்கள். மேரிக்கு அப்போது வயது 29.

இந்தத் தண்டனையின் அர்த்தம் என்ன தெரியுமா? கோவிலில் நற்கருணை கிடையாது. நம்பிக்கை உள்ள மற்றவர்கள் அவரோடு பேசக் கூட யோசிப்பார்கள். சுமார் ஐம்பது சகோதரிகள் சபையை விட்டு அனுப்பப்பட்டார்கள். பள்ளிகள் பல மூடப்பட்டன. தெருவில் நின்ற அந்தப் பெண்களுக்கு வாடகை வாங்காமல் வீடு கொடுத்தவர் யார் தெரியுமா? இமானுவேல் சாலமன் என்ற யூத வியாபாரி! அவர் ஒரு காலத்தில் இங்கிலாந்திலிருந்து கைதியாகக் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டவர். தண்டனை முடிந்து, உழைத்து, அடிலெய்டில் பெரிய பணக்காரர் ஆனவர்.

மேரி அந்த நாட்களில் ஆயரைத் திட்டிப் பேசவில்லை. மற்றவர்கள் பேசினாலும் தடுத்தார். ஐந்து மாதம் ஓடியது. 1872ம் ஆண்டு பிப்ரவரியில் ஆயர் ஷீல் படுத்த படுக்கையானார். சாகும் தறுவாயில் தன் தவறு அவருக்குப் புரிந்தது. தண்டனையை நீக்கச் சொல்லி உத்தரவு போட்டார். சில நாட்களில் இறந்தும் போனார்.

இனி இப்படி நடக்கக் கூடாது. ரோமிலேயே முடிவு கேட்டு விடுவோம் என்று தீர்மானித்தார் மேரி. 1873ம் ஆண்டு தனியாகக் கப்பலேறினார். கன்னிகாஸ்திரி உடையில் போனால் தொல்லை வரலாம் என்று, சாதாரண விதவைப் பெண் போல உடுத்தி, பெயரையும் திருமதி மெக்டொனால்டு என்று மாற்றிக் கொண்டார். மெக்டொனால்டு என்பது அவருடைய அம்மா பிறந்த குடும்பத்தின் பெயர். ரோமில் போப்பாண்டவர் ஒன்பதாம் பயஸைச் சந்தித்தார். முடிவு வரும் வரை சும்மா இருக்கவில்லை. ஐரோப்பாவில் பல பள்ளிகளுக்குப் போய், பாடம் நடத்தும் முறைகளைப் பார்த்தார். அயர்லாந்திலிருந்து புதிதாகப் பதினைந்து பெண்களைச் சேர்த்துக் கொண்டு 1875ம் ஆண்டு தொடக்கத்தில் திரும்பினார்.

ஒரே தலைமை என்ற விதியை ரோம் ஏற்றுக் கொண்டது. ஆனால் சொத்தே வைத்துக் கொள்ளக் கூடாது என்ற விதியைத் தளர்த்தியது. இதில் மனம் உடைந்தவர் உட்ஸ். தான் எழுதிய விதியை மேரி விட்டுக் கொடுத்து விட்டார் என்று வருத்தம். பல ஆண்டுகள் இருவருக்கும் இடையே பழைய நட்பு இல்லை. லாயத்துப் பள்ளிக்கு அழைத்தவரே விலகிப் போனது, தண்டனையை விடவும் மேரிக்கு அதிகம் வலித்திருக்கும் என்று தோன்றுகிறது. உட்ஸ் 1889ம் ஆண்டு சிட்னியில் இறந்தார். அதற்கு முன் மேரி அவரைப் போய்ப் பார்த்தார்.

தொல்லைகள் தீரவில்லை. வேறு ஆயர்களோடும் இதே தகராறு. குயின்ஸ்லாந்தை விட்டுச் சகோதரிகள் வெளியேற வேண்டி வந்தது. மேரிக்குக் கடுமையான வலி நோய் இருந்தது. மருத்துவர் மருந்தாகக் கொடுத்த பிராந்தியை வைத்து, குடிகாரி என்று கூட வதந்தி பரப்பினார்கள். 1883ம் ஆண்டு அடிலெய்டிலிருந்து அனுப்பப்பட்டு சிட்னிக்குப் போனார். 1885ம் ஆண்டு தலைமைப் பதவியும் போனது. தன் இடத்துக்கு வந்த பெர்னார்டு அம்மையாரின் கீழே, சாதாரணச் சகோதரியாகவே வேலை பார்த்தார். 1886ம் ஆண்டு இன்னொரு இடி. அவரைப் பார்க்க வந்து கொண்டிருந்த அம்மா ஃப்ளோரா, கப்பல் பாறையில் மோதி உடைந்ததில் கடலில் மூழ்கி இறந்தார்.

1899ம் ஆண்டு சகோதரிகள் மேரியை மறுபடியும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1902ம் ஆண்டு நியூசிலாந்தில் இருந்தபோது பக்கவாதம் வந்து வலது பக்கம் செயல் இழந்தது. சகோதரிகளுக்கு ஓயாமல் கடிதம் எழுதிக் கொண்டிருந்த கை அது! மேரி அறுபது வயதில் இடது கையால் எழுதப் பழகினார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே சபையை நடத்தினார். 1905ம் ஆண்டு அவரையே திரும்பவும் தேர்ந்தெடுத்தார்கள்.

1909ம் ஆண்டு ஆகஸ்ட் 8ம் தேதி சிட்னியில் மேரி காலமானார். அப்போது ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலுமாக அவருடைய சபைக்கு நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகள் இருந்தன. அவரை அடக்கம் செய்த இடத்திலிருந்து ஜனங்கள் பிடிப்பிடியாக மண்ணை அள்ளிப் போனார்கள். அதனால் 1914ம் ஆண்டு உடலைச் சிட்னியில் உள்ள சிற்றாலயத்துக்கு மாற்றினார்கள். அந்தக் கல்லறையைக் கட்டிக் கொடுத்தவர் ஜோனா பார் ஸ்மித் என்ற சீமாட்டி. மேரியின் நீண்ட நாள் தோழி. அவரும் கத்தோலிக்கர் இல்லை.

2010ம் ஆண்டு அக்டோபர் 17ம் தேதி ரோமில் மேரிக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவின் முதல் புனிதர் அவர்தான். பெனோலாவில், லாயத்துப் பள்ளிக்கு அடுத்து 1867ம் ஆண்டு கட்டிய கல் பள்ளிக்கூடம் இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்க ஜனங்கள் வருகிறார்கள்.